விலகற் கட்டத்தில் நிலைத்து நிற்றல்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்றவுடன் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர் சிலருடைய புருவங்கள் சற்றே மேலெழுந்ததை நாம் கவனியாமலில்லை. கடதாசி என்றால் சூது, சூது என்றால் கேடு என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார். அந்த முடிபை மறுக்க நாம் இங்கு வரவில்லை. ஆயினும், ஓய்வு நாளிலே திண்ணையிலமர்ந்து முந்நூற்று நான்கு ஆடுவோர் நம்மூரில் இல்லாமலில்லை. 32 கடதாசிகளையும் மனத்திலே நிறுத்தி, எது விழுந்தது, எது விழவில்லை, துரும்பு எவர் கையில் ஒளிந்திருக்கின்றது என்று கணக்கிடும் கூர்மையை வெறுஞ் சூதென்று எவருங் கூறார். ஆதலின் சீட்டு என்ற சொல்லுக்காக மட்டும் இப்பேச்சைப் புறந்தள்ளிவிட வேண்டாமென்று பெரியோரை வேண்டிக்கொள்கின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட விடயம் யாதெனில், மேல்நாடுகளிலே பெரிய சுற்றுப்போட்டிகளாக நடைபெற்றுவரும் ஒரு சீட்டு விளையாட்டிலே, தோற்றவர் அக்கணமே எழுந்து போகவேண்டிய இறுதிக் கட்டத்தை ஒருவர் எங்ஙனம் தாண்டுகின்றார் என்பதாகும். விலகல் முறை என்று விளையாட்டு மைதானத்திலே நாம் வழங்குவது இதனையே. ஒரு தோல்வி, கதை முடிந்தது. அப்படிப்பட்ட இடத்திலே மனிதர் எவ்வாறு சிந்திக்கின்றனர், எதனால் நிற்கின்றனர், எதனால் விழுகின்றனர் என்பதை அறிவது, பரீட்சை மண்டபத்திலும் நேர்முகத் தேர்விலும் அதே நிலையை எதிர்நோக்கும் நம்போன்ற இளைஞருக்குப் பயன்தருமென நம்புகின்றோம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ‘மஜிக்: த கதரிங்’ என்னும் விளையாட்டு வெளிவந்தது. இதனை இயற்றியவர் றிச்சேட் கார்ஃபீல்ட் என்னும் கணித அறிஞர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வெளியிட்ட நிறுவனம் விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட். சாதாரண சீட்டாட்டத்திலே அனைவருக்கும் ஒரே கட்டு. இங்கோ ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய சீட்டுக்களைத் தெரிந்தெடுத்துத் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகின்றனர். இதுவே இவ்விளையாட்டின் புதுமை. பல்லாயிரம் வகைச் சீட்டுக்களுள்ளே எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்னும் தெரிவிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகின்றது எனலாம்.

சுற்றுப்போட்டியிற் பொதுவாக வழங்கும் முறைப்படி, கட்டிலே குறைந்தது 60 சீட்டுக்கள் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுத் தவிர்ந்த வேறெந்தச் சீட்டும் நான்கு பிரதிக்கு மேற்படலாகாது. இவை தவிர, ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்வதற்காக 15 சீட்டுக்கள்வரை பக்கக் கட்டாக வைத்திருக்கலாம். சீட்டுக்களில் ஒரு பகுதி நிலம்; அந்நிலமே வலுவைத் தரும். மறு பகுதி அவ்வலுவைச் செலவிட்டு ஏவும் மந்திரங்களும் படைகளும். இருவரும் தலைக்கு 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவர். எதிரியின் புள்ளியைச் சூனியமாக்கியவர் வென்றவர். நிலம் வந்து மந்திரம் வராவிட்டாலும் துன்பம். மந்திரம் வந்து நிலம் வராவிட்டாலும் துன்பம். வயலும் வேண்டும், விதையும் வேண்டும் என்பதை அறிந்த கமக்காரனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

சூது என்ற ஐயத்துக்கும் இங்கே விடை கூறிவிடுவோம். ஆதியிலே, 1993இல் வெளிவந்த விதிகளில், இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டைப் பந்தயமாக வைத்து, வென்றவர் இரண்டையும் கொண்டுபோகும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதிலே சூதின் சாயல் இருந்ததென்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பின்னர் அப்பந்தய ஏற்பாடு சுற்றுப்போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. எனினும், உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாத பொதிகளாகச் சீட்டுக்கள் விற்பனையாவதால், பொதிமேற் பொதியாக வாங்கிப் பணத்தைக் கரைக்கும் ஆபத்து இன்றும் உண்டு. இவ்வகையில் பெரியோரின் எச்சரிக்கை நியாயமானதே. வரவுக்கு மிஞ்சிய செலவு எந்த விளையாட்டையும் நோயாக்கிவிடும்.

இனிச் சுற்றுப்போட்டியின் அமைப்பைப் பார்ப்போம். முதற் கட்டம் சுவிஸ் முறை எனப்படும். இது சதுரங்கத்திலிருந்து வந்தது. 1895ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் சூரிக் நகரிலே நடந்த சதுரங்கப் போட்டியில் முதன்முதற் கையாளப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. இம்முறையில் தோற்றவர் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒத்த புள்ளியுடையோர் ஒருவரையொருவர் எதிர்ப்பர். வென்றால் 3 புள்ளி, சமநிலை எனில் 1 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. தோற்றவரும் அடுத்த சுற்றிலே வேறொரு மேசையில் அமர்ந்து மீண்டும் ஆடுவர். குறித்த சுற்றுக்கள் முடிந்தபின் பெரும்பாலும் முதல் எட்டுப் பேர் மட்டும் தெரிவாகி விலகற் கட்டத்தினுட் புகுவர்.

இங்கே ஓர் இனிய கணக்கு உண்டு. 128 பேர் கலந்துகொண்டு 7 சுற்றுக்கள் ஆடுகின்றனர் என்றும், சமநிலை எதுவும் நேரவில்லை என்றும் கொள்வோம். ஏழு சுற்றிலும் வென்றவர் ஒருவரே இருப்பர். ஒரே ஒரு தோல்வியுடன் நிற்பவர் ஏழு பேர். ஒன்றும் ஏழும் எட்டு. அந்த எண்மரே அடுத்த கட்டத்துக்குரியவர். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். விலகற் கட்டத்தினுள் நுழையும் எண்மரில் எழுவர் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவர்கள்! காலையிலே தோற்று, அத்தோல்வியை மேசையிலேயே விட்டெழுந்து, அடுத்த மேசையிலே புதிதாகச் சீட்டைக் கலைத்தவர்களே அங்கு வந்து சேர்கின்றனர். தோல்வியைக் கண்டு முகஞ் சிவந்து, அடுத்த சுற்றையும் அக்கோபத்திலேயே ஆடியவர் அந்த எண்மரில் இல்லை.

ஆனால் அவர்கள் உள்ளே நுழைந்ததும் சட்டம் மாறிவிடுகின்றது. அதுவரை ஒரு தோல்வியைப் பொறுத்த முறை இப்போது ஒன்றையும் பொறாது. எண்மர் நால்வராவர், நால்வர் இருவராவர், இருவரில் ஒருவரே எஞ்சுவர். ஆகவே அடுத்தடுத்து மூன்று போட்டிகளில் வெல்லவேண்டும். அதே மனிதர், அதே கட்டு, அதே சீட்டு. ஆனால் நெஞ்சின் துடிப்பு வேறு.

இக்கட்டத்தின் கடுமையை எண்ணாலே அளந்து பார்ப்போம். ஒருவர் மிகத் திறமையுடையவர், ஒவ்வொரு போட்டியிலும் நூற்றுக்கு 60 விழுக்காடு வெல்லும் வாய்ப்புடையவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று போட்டிகளில் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு 60ஐ மூன்று தடவை பெருக்கக் கிடைப்பது. அது நூற்றுக்கு 22க்கும் சற்றுக் குறைவு. 70 விழுக்காடு வெல்லும் வாய்ப்புடைய வீரனுக்குங்கூட அது நூற்றுக்கு 34 மட்டுமே. அதாவது, அவ்வெண்மரில் தலைசிறந்தவர் எவரோ அவரே பெரும்பாலான நாட்களில் தோற்று வீடு திரும்புவார். இதனைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. வெற்றி என்பது அந்நாளிலே நம் உரிமை என்று கேட்டுப் பெறத்தக்க பொருளன்று, அதன் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்வதே நம்மால் ஆவது என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகின்றது.

அப்பங்கைக் கூட்டும் வழி எது? ஆட்டக்காரர் பல்லாண்டுப் பழக்கத்திற் கண்டவற்றை நான்கு கூறாக இங்கு வகுத்துரைக்கின்றோம்.

முதலாவது, முன்னாயத்தம். விலகற் கட்டத்தின் பலம் விலகற் கட்டத்திலே தேடப்படுவதன்று. பல பெரிய சுற்றுப்போட்டிகளில், எண்மர் கட்டத்தின் முதலாட்டத்திலே யார் முதலிற் தொடங்குவது என்னும் தெரிவு, சுவிஸ் சுற்றுக்களில் உயர்ந்த இடம் பெற்றவருக்கே உரியது. முதலிடத்தவர் எட்டாமிடத்தவரையும், இரண்டாமிடத்தவர் ஏழாமிடத்தவரையும் எதிர்ப்பர். முந்தித் தொடங்குபவர் ஒரு படி முன்னே நிற்கின்றார். வேகமான கட்டுக்கள் மோதும்போது அவ்வொரு படியே போதும். ஆகவே, ஐந்தாம் சுற்றிலே, எவருங் கவனியாத மூலை மேசையிலே, ஒருவர் சலிப்பின்றி ஆடிய ஆட்டத்தின் பயன் மாலையிலே எண்மர் மேசையில் வந்து சேர்கின்றது. சிறுகச் சேர்த்த நெல் பஞ்சத்தில் உதவுவது போன்றதே இது.

மேலும், உயர்ந்த போட்டிகளில் எண்மர் கட்டத்தை அடைந்தவர்களுக்கு எதிரியின் கட்டிலுள்ள சீட்டுக்களின் பட்டியல் கையிற் கொடுக்கப்படுவதுண்டு. அதுவரை மறைவாயிருந்தது இப்போது வெளிச்சம். அவ்வேளையிலே, 15 சீட்டுப் பக்கக் கட்டில் எதை உள்ளே எடுப்பது, 60இல் எதை வெளியே தள்ளுவது என்பதை முன்கூட்டியே எழுதி ஆராய்ந்தவருக்கு மனம் அமைதியாயிருக்கும். அங்கேயே புதிதாகச் சிந்திக்கப் புகுந்தவருக்கோ நேரமும் போதாது, நெஞ்சும் ஒத்துழையாது. பரபரப்பு வேளையிலே புத்தி புதுவழி தேடாது; பழகிய வழியிலேயே ஓடும். ஆதலின் நல்ல வழியை முன்னரே பழக்கி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, தீய கையைக் கைவிடும் துணிவு. ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஏழு சீட்டு எடுப்பர். 60 சீட்டுக் கட்டிலே 24 நிலம் இருப்பதாகக் கொண்டால், எடுத்த ஏழில் ஒரு நிலமுமின்றியோ, ஒரேயொரு நிலத்துடனோ அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 14. அதாவது ஏறக்குறைய ஏழில் ஒரு தடவை. நான்கு பிரதி வைத்திருக்கும் நமது சிறந்த சீட்டு முதற் கையில் ஒன்றேனும் வரும் வாய்ப்போ நூற்றுக்கு 40 மட்டுமே. இதற்குப் பரிகாரமாக, பிடிக்காத கையைத் திருப்பிக் கலைத்துப் புதுக் கை எடுக்க விதி இடங்கொடுக்கின்றது. 2019ஆம் ஆண்டு முதல் வழங்கும் விதிப்படி, ஒவ்வொரு முறையும் ஏழு சீட்டுப் புதிதாக எடுத்து, எத்தனை தடவை மாற்றினோமோ அத்தனை சீட்டைக் கட்டின் அடியிலே வைத்துவிடல் வேண்டும். ஆகவே மாற்றுதல் இலவசமன்று. ஒரு சீட்டு விலை.

இந்த இடத்திலேதான் பலர் வீழ்கின்றனர். கையில் ஒரே நிலம். ஆனால் மற்றை ஆறும் அழகிய சீட்டுக்கள். ‘அடுத்த இழுப்பில் நிலம் வராமலா போகும்?’ என்று ஆசை சொல்லும். சுவிஸ் சுற்றுக்களில் இதனைத் துணிந்து வைத்திருந்து தோற்றவர் அடுத்த சுற்றிலே பாடம் படிக்கலாம். விலகற் கட்டத்தில் அப்பாடத்தைப் பயன்படுத்த மறு சுற்று இல்லை. ஏழு சீட்டுக் கையின்மேலுள்ள பற்றை விட்டு ஆறு சீட்டுடன் ஆடத் துணிந்தவர், ஒரு சீட்டை இழந்து ஓர் ஆட்டத்தைக் காப்பவராகின்றார். ஆசைக்காக வைத்திருப்பதும் தவறு. அச்சத்தால் நல்ல கையை வீசுவதும் தவறு. எந்தக் கையை வைத்திருப்பது, எதை விடுவது என்ற முடிவைக் கணக்கே செய்யவேண்டும். நடுங்கும் நெஞ்சு செய்யலாகாது.

மூன்றாவது, எஞ்சிய ஒரே வழியைக் கண்டு அதன்படி நடத்தல். இதற்கு உண்மையாக நடந்த ஓர் உதாரணம் கூறுவோம். 2006ஆம் ஆண்டு ஹவாயித் தீவுகளிலுள்ள ஹொனலூலு நகரில் ‘புறோ ரூர்’ எனப்படும் உயர்நிலைச் சுற்றுப்போட்டி நடைபெற்றது. அரையிறுதியிலே இங்கிலாந்து வீரர் கிறெய்க் ஜோன்சும், பிரான்சு நாட்டு வீரர் ஒலிவியே றுவெலும் மோதினர். ஐந்து ஆட்டத்தில் மூன்றை வென்றவர் இறுதிப் போட்டிக்குப் போவர். நிலைமையோ தீர்மானமான ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஜோன்ஸ் தோற்கும் தறுவாயில் நின்றார். றுவெலின் படைகள் அடுத்த முறை தாக்கினால் அவர் உயிர்ப்புள்ளி தீர்ந்துவிடும். கையிலே ‘சார்’ என்னும் எரிமந்திரச் சீட்டு ஒன்று. அது 4 புள்ளி சேதம் விளைப்பது. ஏவியவருக்கும் 2 புள்ளி சேதம் விளைப்பது.

சாதாரண அறிவு என்ன சொல்லும்? அச்சீட்டால் எதிரியின் படையொன்றை வீழ்த்தி இன்னும் ஒரு முறை உயிர் தாங்கு என்று சொல்லும். ஆனால் ஜோன்ஸ் வேறு கணக்குப் போட்டார். ஒரு முறை அதிகமாக உயிர் வாழ்ந்தாலும் இந்த ஆட்டத்தை வெல்ல வழியில்லை. வெல்ல ஒரே வழிதான் உண்டு. அவர் அந்தச் சீட்டை றுவெலின் மேலேயே ஏவினார். றுவெலுக்கு மூன்று புள்ளியே மிஞ்சியது. இனி அடுத்து இழுக்கும் சீட்டு எரிமந்திரமாயிருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் விலகல். அவர் இழுத்தார். வந்தது ‘லைட்னிங் ஹீலிக்ஸ்’. சரியாக மூன்று புள்ளி சேதம் விளைப்பது! அந்தச் சீட்டை ஆட்டக்காரர் பின்னாளிலே ‘16,000 டொலர் ஹீலிக்ஸ்’ என்று பெயரிட்டு வழங்கலாயினர். அவ்வொரு சீட்டாலே பரிசுத் தொகை அவ்வளவு கூடிற்றென்பது அதன் கருத்து.

இதனைக் கேட்போர், ‘அதிர்ஷ்டம்!’ என்பர். அதிர்ஷ்டமே, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்து அமர்வதற்கு ஓர் ஆசனத்தை ஜோன்ஸ் முன்னரே போட்டு வைத்திருந்தார். முந்திய மந்திரத்தைப் படையின்மேல் ஏவியிருந்தால், அதே ஹீலிக்ஸ் வந்தும் வெற்றி வந்திராது. நல்ல சீட்டு வருவதும் வராததும் நம் கையில் இல்லை. வந்தால் அது வெல்லத்தக்கதாக மேசையை ஒழுங்குபடுத்தி வைப்பது நம் கையிலேயே உள்ளது. தோற்கும் நேரத்தில் மனிதர் பெரும்பாலும் தோல்வியைத் தள்ளிப்போடவே பார்ப்பர். விலகற் கட்டத்தில் நிலைத்து நிற்பவரோ, ‘இங்கிருந்து வெல்ல எந்தச் சீட்டு வேண்டும்?’ என்று தம்மைக் கேட்டு, அது வரும் என்றே வைத்துக்கொண்டு ஆடுவர். கட்டில் 40 சீட்டு மீந்திருக்க, வேண்டியவை 8 எனில் ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தில் ஒன்று சிறிதே; ஆயினும் ஒன்றுமில்லாமையினும் பெரிது.

கதையின் பின்பகுதியையும் மறைக்கலாகாது. ஜோன்ஸ் இறுதிப் போட்டியிலே அமெரிக்க வீரர் மார்க் ஹேர்பேர்ஹோல்சிடம் தோற்றார். அற்புதமாக ஓர் ஆட்டத்தில் பிழைத்தவருக்கு அடுத்த ஆட்டமும் அற்புதமாக அமையும் என்று எந்த விதியும் இல்லை. சீட்டுக் கட்டுக்கு முன்னாட்டத்தின் நினைவு கிடையாது.

நான்காவது, உடலும் உள்ளமும். சுற்றுப்போட்டி காலையில் தொடங்கி இரவு வரை நீளும். சுவிஸ் சுற்றுக்களில் ஒரு போட்டிக்கு 50 நிமிடம் என்பது பொதுவான வரையறை. ஏழு சுற்று என்றால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலச் சிந்தனை. அதன் பின்னரே விலகற் கட்டம். பசித்த வயிற்றுடனும் வறண்ட நாவுடனும் அமர்ந்தவன் கண்முன்னே கிடக்கும் சீட்டையும் காணமாட்டான். உண்ணுதல், நீரருந்துதல், சுற்றுக்களுக்கிடையில் எழுந்து நடத்தல், முந்திய இரவு உறங்குதல் ஆகிய இவை சிறிய விடயங்கள் போலத் தோன்றினும், அனுபவசாலிகள் இவற்றை இழுக்கும் சீட்டுக்கு நிகராகவே மதிக்கின்றனர். பரீட்சைக்கு முந்திய இரவு விடிய விடிய விளக்கெரிக்கும் நம் தோழர்கள் இதனைச் சற்று மனத்திற் கொள்வார்களாக.

உள்ளத்தைப் பொறுத்தவரை ஒன்று கூறுவோம். விலகற் கட்டத்திலே போட்டி ஒன்று மூன்று ஆட்டமாகவோ ஐந்து ஆட்டமாகவோ அமைவது. ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு 60 வெல்லும் வாய்ப்புடையவருக்கு மூன்று ஆட்டப் போட்டியில் அது ஏறக்குறைய 65 ஆகின்றது. ஐந்து ஆட்டப் போட்டியிலே 68 ஆகின்றது. ஆட்டம் நீள நீளத் திறமைக்குப் பங்கு கூடுகின்றது. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. முதலாட்டத்தில் தோற்ற பின்னரும் இரண்டாம் ஆட்டத்தை அதே 60 விழுக்காட்டுத் திறமையுடன் ஆடுபவருக்கே இக்கணக்குப் பலிக்கும். தோற்ற எரிச்சலிலே அவசரப்பட்டுச் சீட்டெறிபவர் தம் 60ஐத் தாமே 40 ஆக்கிக்கொள்கின்றார். கணக்கு அவரைக் கைவிடவில்லை. அவரே கணக்கைக் கைவிட்டார்.

இளைஞர்களே, இனி ஒரு கேள்வி எஞ்சுகின்றது. இத்தனையும் செய்தும் தோற்றால்? சிறந்தவரே பெரும்பாலான நாட்களிலே விலக நேரிடும் என்று முன்னர்க் கணக்குக் காட்டினோம் அன்றோ? அப்படியானால் இத்துணைப் பாடும் வீணோ?

இதற்கு விடையாக இரு பெரும் வீரர்களை ஒப்பிட்டுக் காட்டுவோம். ஒருவர் ஜேர்மனியரான கை புட்டே. இவர் 1999ஆம் ஆண்டிலே யொக்கொஹாமா நகரில் உலக வாகையர் ஆனவர். புறோ ரூர் போட்டிகளிலே ஏழு தடவை முதலிடம் பெற்றவர். இறுதிக் கட்ட ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது வழக்கமாதலால், ‘கை ஞாயிறன்று தோற்பதில்லை’ என்பது ஆட்டக்காரரிடையே ஒரு பழமொழியாகவே வழங்கிற்று. மற்றவர் அமெரிக்கரான ஜோன் ஃபிங்கல். 2000ஆம் ஆண்டிலே பிறசெல்ஸ் நகரில் உலக வாகையர் ஆனவர். இவர் பதினைந்து தடவைக்கு மேல் புறோ ரூர் போட்டிகளின் இறுதி எண்மரில் ஒருவராக வந்தவர். ஆனால் முதலிடம் பெற்றது மூன்று தடவை மட்டுமே. அதாவது, பன்னிரண்டு தடவைக்கு மேல், ஞாயிற்றுக்கிழமையிலே, எல்லோருங் காண, தோற்று எழுந்தவர் அவர்.

இவ்விருவரில் எவர் பெரியவர் என்று ஆட்டக்காரர் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கின்றனர். வாதம் நிகழ்ந்ததென்பதே நமக்கு வேண்டிய செய்தி. வெற்றியை மட்டுமே எண்ணினால் ஏழுக்கு மூன்று. அங்கே வாதத்துக்கு இடமேது? ஆனால் மீண்டும் மீண்டும் எண்மர் மேசை வரை வந்து சேர்ந்த ஆற்றலையும் உலகம் கண்டு மதித்தது. 2005ஆம் ஆண்டில் அவ்விளையாட்டுக்குக் கீர்த்தி மண்டபம் நிறுவப்பட்டபோது முதல் வரிசையிலேயே ஃபிங்கல் தெரிவானார். புட்டே 2007ஆம் ஆண்டிலே தெரிவானார்.

ஆகவே நாம் கண்ட முடிபு இதுவே. விலகற் கட்டத்தில் ஒருவரை அளக்கும் கோல் இரண்டு. ஒன்று, அவர் வென்றாரா என்பது. மற்றது, கையிலிருந்த சீட்டுக்கு எது சரியோ அதனைச் செய்தாரா என்பது. முதலாவதை உலகம் அன்றே அளந்து பரிசு கொடுக்கும். இரண்டாவதை அவரவரே, தனியே அமர்ந்து, நேர்மையுடன் அளத்தல் வேண்டும். சரியாக ஆடித் தோற்றவர் மாற்றவேண்டியது ஒன்றுமில்லை. அவர் மீண்டும் வந்து அமர்ந்தாற் போதும். தவறாக ஆடி வென்றவரோ, வெற்றியின் மயக்கத்திலே தம் தவறைக் காணாது போவாராயின், அடுத்த ஞாயிறு அதனை அவருக்குக் காட்டிவிடும்.

நேர்மை என்ற சொல் வந்தமையால் அதனையும் சொல்லிவிடுவோம். ஒரு தோல்வியில் எல்லாம் போய்விடும் என்ற இடத்திலேயே மனிதனுக்குக் குறுக்கு வழி கண்ணிற் படுகின்றது. சீட்டைக் கலைக்கையிலே கையாடல், எதிரிக்குப் பணம் பேசி விட்டுக்கொடுக்கச் செய்தல் முதலியன விதிப்படி பெருங் குற்றங்கள். அவற்றை ஆராய மத்தியஸ்தர்கள் உளர். ஆயினும் மத்தியஸ்தர் காணாத கணங்கள் ஆயிரம். அக்கணங்களிலும் சீட்டை நேராகக் கலைப்பவனே ஆட்டக்காரன். மற்றவன் ஆட்டத்தைத் திருடுகின்றவன்.

பெரியோர்களே, நம் நாட்டு இளைஞர் வாழ்வில் விலகற் கட்டங்கள் பல. பல்கலைக்கழகப் புகுமுகத்திலே ஆயிரக்கணக்கானோர் அமர, இடமோ சிலருக்கே. ஒரு பரீட்சை, ஒரு வெட்டுப்புள்ளி, அதற்கு மேலா கீழா என்பதே கேள்வி. அங்கே கீழே நின்ற பிள்ளையைப் பார்த்து, ‘நீ தோற்றாய்’ என்று மட்டும் கூறி நிறுத்திவிடாதீர்கள். ‘நீ செய்தது சரியா? சரியெனில், இன்னொரு மேசை உண்டு, போய் அமர்’ என்றுங் கூறுங்கள். அந்த எண்மரில் எழுவர் ஏற்கெனவே தோற்றவர்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். சகோதரர்களே, சகோதரிகளே, உங்களுக்கும் அதனையே கூறுகின்றோம். சீட்டை நல்லபடி கலையுங்கள். வேண்டாத கையை விடத் துணியுங்கள். வெல்லும் சீட்டு வருமாயின் அதற்கு இடம் வைத்திருங்கள்.